பைப் யார் வெட்டுவது?

"அண்ணே, சனிக்கிழமை சும்மா இருப்பீங்களா? ராஜபாளையம் வரைக்கும் போயிட்டு வருவோம். பைப் வெட்ட மெஷின் எடுக்கணும்."

சித்தப்பா மகன் போனில் கேட்டதும் உடனே சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. நிலம், கூலி, கல்வி, இடஒதுக்கீடு என்று எத்தனையோ மேடைகளில் பேசியிருக்கிறேன். ஒரு இரும்புக் குழாயை எதைக் கொண்டு வெட்டுவது என்று யாராவது கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. இந்தப் பதிவு அந்த ஒரு சனிக்கிழமையைப் பற்றியது. இதற்கும் நம் அரசியலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கும் தோழர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். எனக்கே அது அன்று மாலைதான் புரிந்தது.

தம்பி ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவன். இரண்டு வருடப் படிப்பு. முதல் மாதங்களில் அரத்தையும் ஆக்ஸா பிரேமையும் தவிர வேறு எதையும் கையில் தரமாட்டார்கள். நேராக அறுப்பது, மட்டமாக ராவுவது, மூலைமட்டம் வைத்துப் பார்ப்பது, மறுபடி ராவுவது. கை பழகிய பிறகுதான் மெஷின். அப்படிப் படித்து வந்தவனை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பட்டறையில் சேர்த்துக்கொண்டார்கள். ஆறு வருடம் அங்கே வேலை பார்த்தான். ஆறு வருடமும் அவனுக்குக் கிடைத்த வேலை கட்டிங்.

பட்டறை வேலை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கேட், கிரில், ஷெட் எது செய்தாலும் வேலை நான்கு கைகளாகப் பிரியும். ஒருவர் அளவெடுப்பார், ஒருவர் வெட்டுவார், ஒருவர் வெல்டிங் வைப்பார், ஒருவர் கிரைண்டிங் போட்டுப் பெயின்ட் அடிப்பார். அளவெடுப்பவர்தான் வாடிக்கையாளரிடம் பேசுவார், விலை சொல்வார், அட்வான்ஸ் வாங்குவார். டேப் யார் கையில் இருக்கிறதோ அவர் நாளைக்குத் தனியாகக் கடை போடலாம். வெட்டுகிறவர் பட்டறைக்கு வெளியே, சாக்கடை ஓரத்தில், தகரத்துக்குக் கீழே உட்கார்ந்திருப்பார். தீப்பொறி, புகை, சத்தம் மூன்றும் அவருக்குத்தான். சாக்பீஸில் போட்ட கோட்டில் வெட்டிக் கொடுத்தால் போதும். ஏன் அந்த அளவு, எதற்கு அந்தக் கோணம் என்று அவருக்கு யாரும் சொல்ல மாட்டார்கள்.

தம்பி சேர்ந்து இரண்டு வருடம் கழித்து முதலாளியின் உறவுக்காரப் பையன் ஒருவன் வந்தான். எந்தப் படிப்பும் இல்லை. மூன்றாம் மாதம் அவன் கையில் வெல்டிங் ஹோல்டர் இருந்தது. ஆறாம் மாதம் டேப் இருந்தது. "நம்மள யாரும் சாதி பேர் சொல்லித் திட்டலண்ணே" என்பான் தம்பி. உண்மைதான், யாரும் திட்டவில்லை. டீ ஒரே டம்ளரில்தான் வந்தது. டேப் மட்டும் வரவில்லை.

நான்காம் வருடம் டிஸ்க் உடைந்தது. நாலு அங்குலக் கிரைண்டரில் கார்டைக் கழற்றிவிட்டுப் பெரிய டிஸ்க் மாட்டி வெட்டச் சொல்லியிருக்கிறார்கள். சின்ன டிஸ்க் சீக்கிரம் தேய்கிறதாம், செலவாம். உடைந்த துண்டு இடது முன்னங்கையைக் கிழித்துக்கொண்டு போனது. ஒன்பது தையல். கொஞ்சம் மேலே பட்டிருந்தால் கழுத்து. முதலாளி ஐந்நூறு ரூபாய் கொடுத்து, "பாத்துப் பண்ணக் கூடாதாடா" என்றார். அவர் பெயரும் பட்டறை பெயரும் இங்கே வேண்டாம். அந்தச் சாலையில் அப்படிச் சொல்லக்கூடியவர் அவர் ஒருவர் மட்டும் இல்லை.

இந்த ஆறு வருடத்துக்குப் பிறகுதான் சொந்தப் பட்டறை. ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவில், மெயின் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே, வாடகைக்கு ஒரு தகரக் கொட்டகை. வெல்டிங் மெஷின் ஏற்கெனவே வாங்கிவிட்டான். அடுத்து வெட்டும் மெஷின்.

பணம் எங்கிருந்து என்று மாணவர்கள் கேட்பீர்கள். தமிழ்நாடு அரசு 2023இல் கொண்டுவந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் இருக்கிறது. எஸ்.சி., எஸ்.டி. தொழில்முனைவோருக்கு 35 சதவீத முதலீட்டு மானியம், வட்டியில் 6 சதவீத மானியம். மாவட்டத் தொழில் மையம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். மானியம் அரசு கொடுக்கும், கடன் வங்கி கொடுக்க வேண்டும். அந்த இடத்தில்தான் நம் பிள்ளைகள் செருப்புத் தேய நடக்கிறார்கள். தம்பி ஒரு வங்கிக் கிளைக்கு ஏழு முறை போனான். ஒவ்வொரு முறையும் ஒரு தாள் குறைந்தது. கடைசியில் கடன் வந்தது, கேட்டதில் பாதி. மெஷினுக்குக் கடைக்காரரின் கொட்டேஷன் வேண்டும் என்றார்கள். பழைய மெஷினுக்கு யார் கொட்டேஷன் தருவார்? அதனால் புதிதுதான் வாங்க வேண்டும், கையிலிருக்கும் காசுக்குள் வாங்க வேண்டும்.

சனிக்கிழமை காலை ராஜபாளையம் போய் இறங்கினோம். மில் ஊர் அது. மெஷினுக்கும் ஸ்பேருக்கும் கடைகளுக்குப் பஞ்சமில்லை. முதல் கடையில் முன்னால் இருந்ததே 14 அங்குலக் கட்டிங் மெஷின். எல்லாப் பட்டறை வாசலிலும் பார்த்திருப்பீர்கள், தரையில் உட்கார்ந்திருக்கும், மேலிருந்து கைப்பிடியை அழுத்தினால் சக்கரம் இறங்கும். அதில் இருப்பது ரம்பமே அல்ல, பல் கிடையாது. பிசினில் பிடித்துவைத்த உரைகல் துகள் சக்கரம் அது. இரும்பை அறுக்காது, தேய்த்துத் தேய்த்து எரித்துப் போகும். விலை பத்தாயிரத்தைத் தொட்டு இருந்தது.

அடுத்து அதே உருவத்தில் இன்னொன்று. இதில் சக்கரத்துக்குப் பதில் கார்பைடு பல் வைத்த வட்ட பிளேடு. சுற்றும் வேகம் மூன்றில் ஒரு பங்குதான். பொறி பறக்காது, சுருள் சுருளாகத் துருவல் விழும். வெட்டிய முனையை உடனே கையால் தொடலாம். ஆனால் பைப் வைஸில் துளி ஆடினாலும் பல் தெறித்துவிடும். ஒரு பிளேடு விலையைக் கேட்டதும் தம்பி கண்ணை மூடித் திறந்தான்.

மூன்றாவது, பச்சை நிறத்தில் ஆளுயர மெஷின். பெரிய எஃகு பிளேடு மெல்லச் சுற்றும், மேலே கூலன்ட் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கும். கோல்ட் சா என்றார்கள். கண்ணாடி மாதிரி வெட்டு. விலை லட்சங்களில். மூன்று ஃபேஸ் கரன்ட் வேண்டும்.

நான்காவது, படுக்கை வாட்டத்தில் ஒரு சின்ன பேண்ட் சா. இரண்டு சக்கரத்தில் பட்டை மாதிரி பிளேடு ஓடும், தன் எடையிலேயே மெதுவாக இறங்கி அறுக்கும். ஒரு ஹெச்.பி.க்குள் மோட்டார், வீட்டுக் கரன்டே போதும். முதல் மெஷினைப் போல நான்கு மடங்குக்கு மேல் விலை.

எனக்கு அந்தப் பச்சை மெஷின் மேல்தான் கண். நம் பையன் பட்டறையில் அது நிற்பதையும், அவன் பக்கத்தில் கை கட்டி நிற்பதையும், நான் அதைப் படம் எடுத்து இந்தப் பக்கத்தில் போடுவதையும் மனதுக்குள் பார்த்துவிட்டேன். "கடனோட கடனா இதையே எடுத்துருவோமாடா" என்றேன்.

"அண்ணே, மெஷின் போட்டோவுக்கு இல்ல. எனக்கு நாள் ஒண்ணுக்கு அம்பது வெட்டு கூட வராது. இது முழுநாளும் ஓடுற கம்பெனிக்கு. இதுக்குத் தவணை கட்டுறதுக்கு நான் மறுபடி ஆள்கிட்ட வேலைக்குப் போகணும்."

வெட்கமாக இருந்தது. உடனே மறுபக்கம் சாய்ந்தேன். "அப்ப அந்தப் பத்தாயிரம் மெஷினே போதும். எல்லாப் பட்டறையிலயும் அதானே வச்சிருக்கான்."

அவன் பதில் சொல்லவில்லை. டீ குடிக்கப் போனோம். அங்கேதான் பேசினான். அவன் சொன்னதை வரிசையாக எழுதுகிறேன். ஆறு வருடம் டேப் தரப்படாத ஒருவன் அந்த ஆறு வருடமும் என்ன யோசித்துக்கொண்டிருந்தான் என்பதற்கு இது சாட்சி.

முதலாவது, வேகம். அந்த 14 அங்குலச் சக்கரம் நிமிடத்துக்கு 3,800 சுற்று சுற்றும். விளிம்பின் வேகம் நொடிக்கு எழுபது மீட்டர், அதாவது மணிக்கு 250 கிலோமீட்டர். உடைந்தால் துண்டு அந்த வேகத்தில்தான் கிளம்பும். பேண்ட் சாவின் பிளேடு நிமிடத்துக்கே சில பத்து மீட்டர்தான் ஓடும். அறுந்தால் பெரும்பாலும் உறைக்குள்ளேயே நின்றுவிடும்.

இரண்டாவது, வெட்டு. அவனுக்கு வரும் வேலை பெரும்பாலும் ஒரு அங்குலம், ஒன்றரை அங்குல ஸ்கொயர் டியூப். 16 கேஜ் என்றால் சுவர் கனம் 1.6 மில்லிமீட்டர், 18 கேஜ் என்றால் 1.2. சக்கரத்தில் வெட்டினால் முனை சூடேறி நீலமாகும், உள்ளும் புறமும் பிசிறு நிற்கும். 45 டிகிரி வெட்டும்போது சக்கரம் வளைந்து கோணம் தப்பும். கோணம் தப்பினால் இரண்டு பைப்புக்கும் நடுவே சந்து விழும். இவ்வளவு மெல்லிய சுவரில் அந்தச் சந்தை வெல்டிங்கால் நிரப்பப் போனால் பொத்துக்கொண்டு போகும். "வெல்டர் வேலையே வெட்டுறவன் கையிலதாண்ணே இருக்கு. ஆனா திட்டு வெட்டுறவனுக்கு, பேரு வெல்டருக்கு."

மூன்றாவது, பொறி. பட்டறையின் அடுத்த கொட்டகையில் கழிவுப் பஞ்சு மூட்டைகள் அடுக்கியிருக்கிறார்கள். சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணி நெய்யும் கூடங்களிலிருந்து ஸ்டாண்டு செய்யச் சொல்லிக் கேட்கிறார்கள். ஒரு பக்கம் பஞ்சு, இன்னொரு பக்கம் சிவகாசி மருந்து. நம் வட்டாரத்தில் தீப்பொறி என்பது சாதாரண விஷயம் இல்லை.

நான்காவது, கரன்ட். பெரிய கட்டிங் மெஷின் இரண்டாயிரம் வாட்டுக்கு மேல் இழுக்கும், ஸ்டார்ட் ஆகும்போது அதைப்போலப் பல மடங்கு. சாயங்காலம் வோல்டேஜ் இறங்கும் நேரத்தில் மெஷின் முனகும், வேகம் குறையும், ஆள் இன்னும் அழுத்துவான். சக்கரம் உடைவது அப்படித்தான்.

எல்லாம் கேட்டுவிட்டு நான் சொன்னேன், "நீ வேலை தெரிஞ்சவன். கார்டு போட்டு, கண்ணாடி போட்டு, கவனமா வெட்டிக்க மாட்டியா? மிச்சப் பணத்துக்கு இரும்பு வாங்கிப் போடலாமே."

"நான் வெட்டிக்குவேண்ணே. நாளைக்கு வெட்டப் போறது நான் இல்லையே. நான் அளவெடுக்கப் போயிருவேன். ஒரு பையனைத்தானே வெப்பேன். அவன் எங்கே உக்காருவான்?"

தோழர்களே, இந்த இடத்தில் நான் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

1936இல் அண்ணல் அம்பேத்கர் லாகூர் மாநாட்டுக்காக எழுதி, பேச அனுமதிக்கப்படாமல் போன உரையைப் பலரும் படித்திருப்பீர்கள். சாதி என்பது வேலைப் பிரிவினை அல்ல, வேலை செய்கிறவர்களையே பிரித்து மேலும் கீழுமாக அடுக்குவது என்று அதில் விளக்குகிறார். அதே 1936இல்தான் ராஜபாளையம் மில்ஸ் தொடங்கப்பட்டது. அதற்கும் முன்னால், 1928 பம்பாய் ஆலை வேலைநிறுத்தத்தின்போது, நெசவுப் பிரிவில் தீண்டப்படாதோரைச் சேர்க்காததை அவர் கேள்வி கேட்டார். அறுந்த நூலை வாயால் ஈரப்படுத்தி இணைக்க வேண்டிய வேலை அது. நம்மவர் வாய் பட்ட நூலை மற்றவர்கள் தொட மறுத்தார்கள். நல்ல கூலி கிடைத்த பிரிவு அதுதான். கூலி குறைந்த பிரிவுகளில் நம்மவர்கள் வேலை செய்ய யாருக்கும் ஆட்சேபம் இருக்கவில்லை. ஒரே கூரைக்குக் கீழே எந்த மெஷின் யாருக்கு என்பதில் சாதி உட்கார்ந்திருந்தது.

தம்பிக்கு இந்த வரலாறு தெரியாது. அவன் தன் முன்னங்கைத் தழும்பிலிருந்து அதே கேள்விக்கு வந்திருந்தான். நான் அந்த உரையைப் பத்து முறை படித்துவிட்டு, மலிவான மெஷினை வாங்கி அதன் முன்னால் யாரையோ உட்கார வைக்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

சட்டம் பார்த்துக்கொள்ளாதா என்று கேட்கலாம். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில் சுற்றும் மெஷினுக்குக் காப்பு போட வேண்டும், கண்ணுக்குப் பாதுகாப்புத் தர வேண்டும் என்றெல்லாம் இருந்தது. எட்டு மணி நேர வேலைக்குச் சத்தம் 90 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று விதியும் வந்தது. ஆனால் அந்தச் சட்டம் மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் குறைந்தது பத்துப் பேர் வேலை செய்தால்தான் எட்டிப் பார்த்தது. மூன்று பேர் வேலை செய்யும் தகரக் கொட்டகைக்கு எந்த ஆய்வாளரும் வரப்போவதில்லை. அங்கே வேலைக்கு வரும் பையனுக்கு இருக்கும் ஒரே பாதுகாப்பு, முதலாளி எந்த மெஷினை வாங்கினார் என்பதுதான். இப்போது அந்த முதலாளி நம் தெருப் பையன்.

பேண்ட் சா எடுத்தோம். கடைக்காரர் எங்களை ஒரு மாதிரி பார்த்தார். "பட்டறைக்கு இது ஸ்லோ தம்பி, பின்னாடி வந்து மாத்திக் கேக்கக் கூடாது" என்றார். மினி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தோம்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. முதல் வாரமே பிளேடின் பல் வரிசையாக உதிர்ந்துவிட்டது. மெஷினோடு வந்த பிளேடு கட்டி இரும்புக்கான பெரிய பல் பிளேடு. மெல்லிய பைப்பின் சுவர் இரண்டு பல்லுக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. அறுபடும் கனத்தில் எப்போதும் இரண்டு மூன்று பல்லாவது பதிந்திருக்க வேண்டும், ஆக்ஸாவிலும் மெல்லிய பைப்புக்கு அங்குலத்துக்கு 32 பல் உள்ள பிளேடு போடுவது இதனால்தான். ஃபிட்டர் படித்த தம்பிக்கு இது தெரியும். அவசர ஆர்டரில் மறந்துவிட்டான். பொடிப்பல் பிளேடு வாங்கி மாட்டினான். இறங்கும் வேகத்தைக் குறைத்து வைத்தான். ஒரு பைப்புக்கு ஆகும் நேரம் சக்கரத்தைவிடக் கூடுதல்தான், ஆனால் நான்கு பைப்பைச் சேர்த்து வைஸில் இறுக்கி ஒரே வெட்டாக வெட்டலாம். வெட்டி முடிந்தால் மெஷின் தானே நின்றுவிடும். அதுவரை ஆள் பக்கத்தில் அடுத்த அளவைக் குறிக்கலாம். பிசிறு எடுக்க அரைமணி நேரம் கிரைண்டர் பிடித்த இடத்தில் இப்போது அரத்தால் நாலு இழுப்பு போதும். நாள் கணக்குப் பார்த்தால் பெரிதாக நஷ்டம் இல்லை என்கிறான். லாபம் என்றும் சொல்லவில்லை. தவணை ஓடிக்கொண்டிருக்கிறது.

கிரைண்டரும் இருக்கிறது. வாடிக்கையாளர் வீட்டில் போய் வெட்ட அது இல்லாமல் முடியாது. கார்டைக் கழற்றக் கூடாது, டிஸ்க்கில் அச்சிட்ட சுற்று அளவு மெஷினுடையதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும், தேதி தாண்டிய டிஸ்க்கைத் தூக்கிப் போட வேண்டும், மரம் அறுக்கும் பல் பிளேடை அதில் மாட்டவே கூடாது. இந்த நாலும் சுவரில் பெயின்டால் எழுதியிருக்கிறது. பஞ்சு இருக்கும் இடத்தில் வேலை என்றால் ஆக்ஸா பிரேம் மட்டும்தான்.

பட்டறை தொடங்கி நாலு மாதம் ஆகிறது. வேலைக்கு ஒரு பையன் வந்திருக்கிறான். பத்தொன்பது வயது. நம் தெருக்காரன் இல்லை. எந்தத் தெரு என்று தம்பி என்னிடம் சொன்னான், நான் இங்கே எழுதப் போவதில்லை. முதல் நாள் அவன் கையில் கொடுத்தது டேப்பும் மூலைமட்டமும் என்று தம்பி சொன்னபோது நான் முழுதாக நம்பவில்லை. போன வாரம் நேரில் போய்ப் பார்த்தேன். மெஷின் கொட்டகையின் நடுவில், வெல்டிங் மேடைக்குப் பக்கத்தில் இருக்கிறது. பையன் ஒரு ஜன்னல் கிரில்லுக்கு அளவு குறித்துக்கொண்டிருந்தான். ஒரு துண்டு ஐந்து மில்லிமீட்டர் குறைந்துவிட்டது. தம்பிக்குக் கோபம் வந்தது, முகத்தில் தெரிந்தது. பழைய முதலாளியின் வார்த்தை அவன் வாய் வரைக்கும் வந்து நின்றதையும் பார்த்தேன். துண்டை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, "எங்க தப்புச்சுன்னு நீயே கண்டுபிடி" என்று மட்டும் சொன்னான். டேப்பின் முனைக் கொக்கி வளைந்திருந்தது. அரைமணி நேரம் கழித்துப் பையனே அதைக் கண்டுபிடித்தான்.

சொந்தமாகப் பட்டறை போட நினைக்கும் தம்பி தங்கைகள் யாராவது இருந்தால் எழுதுங்கள். கடன் விண்ணப்பத்துக்கு என்னென்ன தாள் வேண்டும் என்பதைத் தம்பி ஒரு நோட்டில் வரிசையாக எழுதி வைத்திருக்கிறான். எட்டாவது முறை வங்கிக்கு நடக்காமல் இருக்க அது உதவும். பட்டறையைப் பார்க்க வருகிறவர்கள் செருப்போடு வராதீர்கள், ஷூ போட்டு வாருங்கள். தரையெல்லாம் இரும்புத் துருவல்.